பனியனுக்குள் போன பாட்டு

நான் பாட்டு எழுதுகிறவன். சினிமாவுக்கு எழுதியதில்லை, நாடகக் கம்பெனிக்கு எழுதியதில்லை, கட்சி மேடைக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. யாரும் கூப்பிடாமல், யாரும் கேட்காமல், சொல்லும் என்னுடையது மெட்டும் என்னுடையது என்று தனிக்காட்டு ராஜாவாக எழுதினேன். ராஜாவுக்குக் குடிமக்கள் இல்லை என்பதுதான் ஒரே குறை. வயிற்றுப்பாட்டுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது, கல்யாணமாகி நாலு வருஷம், தலையில் முடியும் கர்வமும் சரிசமமாக இருந்த காலம்.

பேக்கிங் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செக்கிங் முடிந்து வரும் பனியனை மேஜையில் விரித்து, நடுவில் ஒரு அட்டை வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, கீழ்ப்பாதியை மேலே ஏற்றிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். பெட்டிக்கு ஒரு டஜன். அந்த அட்டை ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும் இருக்கும். என் பாட்டுகள் எல்லாம் அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் பிறந்தன. ஒரு அட்டைக்கு ஒரு சரணம், மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். பிரதி எடுக்கும் பழக்கம் கிடையாது. பிரதி எடுப்பது குமாஸ்தா வேலை, நான் கவிஞன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் திமிருக்குப் பின்னால் நன்றாக அனுபவித்தேன்.

இத்தனை வருஷம் எப்படி விடாமல் எழுதினீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், முகவாயை உயர்த்திக்கொண்டு, "உள்ளே இருந்து வரும்" என்கிறேன். சுத்தப் பொய். உள்ளே இருந்து எனக்கு ஏப்பத்தைத் தவிர எதுவும் தானாக வந்ததில்லை. வெளியே போய்ப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. நொய்யல் கரையில் நடந்தால் கற்பனை ஊறும் என்று நடந்தேன். கரை நெடுகச் சலவைப் பட்டறைகள். பிளீச்சிங் பவுடர் நெடியில் கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. அந்த மாதம் எழுதியதெல்லாம் சோகப் பாட்டு. அடுத்து, துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் பக்கத்தில் நின்றால் தாளம் கிடைக்கும் என்று நின்றேன். தாளம் என்னவோ கிடைத்தது. ஆனால் கரண்ட் போனதும் பாட்டும் நின்றது. அந்த நாட்களில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால், பல்லவியோடு நின்றுபோன பாட்டுகள் என்னிடம் ஏராளம்.

ஓட்டை விழுந்த பழைய பனியன் ஒன்றை ராசிப் பனியன் என்று வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வரி தானாக வரும் என்று ஒரு நம்பிக்கை. பனியன் கம்பெனிக்காரர் ஓட்டைப் பனியனோடு திரிந்தால் மானம் போகிறது என்று என் மனைவி அதை அடுப்படித் துணி ஆக்கிவிட்டாள். பிறகு ஒரு வாரம் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அதைப் பிடித்துச் சோற்றுப் பானையை இறக்கும்போதெல்லாம் அவள்தான் முனகிப் பாடிக்கொண்டிருந்தாள்.

என் பேக்கிங் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பல்லி இருந்தது. நான் பாடி முடித்ததும் கச்சிதமாகச் சத்தம் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் பல்லி சொன்னால் அது தெய்வ வாக்கு. ஒரு வருஷம் அந்தப் பல்லியின் சொல்லை நம்பியே எழுதினேன். ஒரு நாள் கையிலிருந்த பெட்டி தவறிக் கீழே விழுந்தது. பல்லி அதற்கும் அதே சத்தத்தைக் கொடுத்தது. அன்றோடு எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றது.

எனக்கு உண்மையான தீனி மனிதர்களின் பாராட்டுதான். பதினொரு மணிக்கு டீ வரும்போது பவர் டேபிளில் தைக்கிற ஆட்களையும் துணி வெட்டுகிற கட்டிங் ஆட்களையும் நிறுத்தி வைத்துப் பாடுவேன், மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு. எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள். முடிந்ததும், "நல்லாருக்குதுங்க" என்பார்கள். ஒருவர் தவறாமல் எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் பாடினால் அவளும், "நல்லாருக்குதுங்க மாமா" என்பாள். ஐந்து வருஷம் இந்த ஒரு சொல்லைத் தின்றே கொழுத்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் அது நடந்தது. வழக்கம்போல டீ வந்தது. வழக்கம்போல நான் ஒரு புதுப் பாட்டைப் பாடினேன். "நல்லாருக்குதுங்க" என்றார்கள். பூரித்துப்போய் என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். உப்பு. டீக்காரர் சர்க்கரை டின் என்று உப்பு டின்னைக் கவிழ்த்திருக்கிறார். நான் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், மற்ற பன்னிரண்டு பேரும் முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டீக்காரர் பதறிப்போய், "ஏனுங்க, டீ எப்பிடீங்க இருக்குது?" என்று கேட்டார்.

கட்டிங் மாஸ்டர் அடி வரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாருக்குதுங்க" என்றார்.

அதே குரல். அதே தலையசைப்பு. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என் பாட்டுக்குக் கொடுத்த அதே முகம். எங்கள் ஊரில் யாரும் யார் மனதையும் நோகடிக்க மாட்டார்கள். ஐந்து வருஷமாக நான் வாங்கிய பாராட்டு மொத்தமும் அந்த உப்பு டீ வாங்கிய பாராட்டுதான் என்று அப்போது தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக் கரிப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஆத்திரத்தோடு சபதம் போட்டேன். "இந்த அஞ்சு வருசத்துல ஒரு ஆளாவது தானா வந்து, பாட்டுப் பாடுங்கன்னு கேட்டிருக்கறாங்களா? நானாத்தான் புடிச்சு வெச்சுப் பாடிக்கிட்டிருந்திருக்கறேன். தைப்பூசத்துக்குள்ள ஒருத்தராவது தானாக் கேக்கோணும். இல்லாட்டி எழுதறத விட்டுடறேன்."

அவள் அவசரமில்லாமல் கேட்டாள். "விட்டுட்டா ஞாயித்துக்கெழமைல என்னுங்க மாமா பண்ணுவீங்க?"

"நீ சொல்றதைப் பண்றேன்."

"அப்ப எருமை வாங்கிக்கலாமுங்க."

என் மனைவி குன்னத்தூர்ப் பக்கத்துக்காரி. எருமை இல்லாத வீட்டை அவள் வீடாகவே மதித்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பதால் புல் அறுக்க ஆள் இல்லை என்றுதான் நாலு வருஷமாக எருமை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. மறுநாள் மாலை நான் வீடு திரும்பும்போது சுவர் ஆணியில் புதுக் கயிறு ஒன்று தொங்கியது. எருமைக்குப் பெயர் கூட வைத்துவிட்டாள். ஆக, தைப்பூசத்துக்குள் யாராவது ஒருவர் தானாக என் பாட்டைக் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் நான் அந்தக் கயிற்றின் மறுமுனையில் நிற்க வேண்டும்.

யாரும் தானாகக் கேட்கவில்லை என்றால் பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். யோசித்துப் பார்த்தால் கம்பெனியிலேயே ஒரே ஒருத்திதான் இருந்தாள், செக்கிங் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், பல்லடம் ரோட்டுப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவள், நாலாம் வகுப்பு வரை படித்தவள். ஜன்னல் ஓரம் அவள் மேஜை. பனியனுக்குள் கையை விட்டு வெளிச்சத்துக்கு நேராக விரிப்பாள். ஓட்டை, விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை எதுவும் தப்பாது. நல்லது வலப்பக்கம், தைத்துச் சரிபண்ண வேண்டியது நடுவில், தேறாதது இடப்பக்கம். அந்த இடப்பக்கக் குவியலுக்குச் செகண்ட்ஸ் என்று பெயர். நாள் முழுவதும் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிற பெண். டீ வேளையிலும் மேஜையை விட்டு எழுந்து வர மாட்டாள். அதனால் அதுவரை என் பாட்டு எதையும் அவள் முழுதாகக் கேட்டதில்லை.

"ஏனுங்கக்கா, ஒரு பாட்டுப் பாடறனுங்க. எங்கெங்க குறை இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"பாடுங்க தம்பி. கையி பாட்டுக்குக் காரியத்தப் பாக்கட்டும்."

நிலாவைப் பற்றிய என் பாட்டைப் பாடினேன். ஐந்து வருஷத்தில் அதிகம் பேர் 'நல்லாருக்குதுங்க' சொன்ன பாட்டு. அவள் பனியனை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"நெலா மல்லிப்பூவாட்டம் மணக்குதுன்னு எழுதியிருக்கறீங்க. மோந்து பாத்தீங்களா?"

"இல்லீங்கக்கா. கற்பனைங்க."

"கற்பனையா இருந்தாலும் ஓட்டை ஓட்டைதானுங்க." அட்டைகளை வாங்கி இடப்பக்கக் குவியலில் போட்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த திங்கட்கிழமை பிரிவுத் துயரப் பாட்டு ஒன்றைக் கொண்டு போனேன். அவளும் பெண்தானே, உருகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

"காத்துக் காத்துக் கையி எளச்சு வளையல் கழண்டு உழுந்துருச்சுங்கறீங்க. அந்த அளவுக்குச் சோறு திங்காம இருந்தா வேலைக்கு வந்தாளுங்களா, லீவு போட்டுட்டாளுங்களா?"

இடப்பக்கம். அதற்கடுத்த வாரம் முருகன் பாட்டு. சாமி பாட்டைச் செகண்ட்ஸில் போட எவளுக்குத் தைரியம் வரும்?

"பன்னண்டு கையிலயும் வேலுங்கறீங்க. அப்பறம் எந்தக் கையில தம்பி ஆசீர்வாதம் பண்ணுவாரு?" சாமி பாட்டு என்பதால் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடப்பக்கம் போட்டாள்.

மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். 'ங்க' போட்டே கழுத்தை அறுப்பாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஓட்டைப் பனியன்களுக்கு நடுவிலிருந்து என் பாட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதிப்பேன். ஆனால் ஒரு அதிசயம். வாரத்துக்கு ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருந்தவன் மூன்று எழுத ஆரம்பித்தேன். பல்லி, ராசிப் பனியன், நொய்யல் கரை எதுவும் தராத வேகத்தை அந்த இடப்பக்கக் குவியல் எனக்குத் தந்தது. இவளை எப்படியாவது ஒரு தடவை வலப்பக்கம் கை நீட்ட வைக்க வேண்டும் என்ற வெறி. அப்போது அதைக் கோபம் என்று நினைத்தேன். கோபம் மட்டும் இல்லை, என் பாட்டை ஒருத்தி வரி வரியாகக் கேட்கிறாள் என்ற சந்தோஷமும் அதற்குள் இருந்தது.

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நிலாவையும் வளையலையும் விட்டுவிட்டு, என் கையில் தினமும் புரளுகிற பனியனைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினேன். இவ்வளவு பனியன் மடிக்கிறோமே, யார் போட்டுக்கொள்வார்கள் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லையே என்று தோன்றியது. நாலு சரணம், நாலு அட்டை. முதல் சரணம் இது:

வெள்ளப் பனியனே வெள்ளப் பனியனே
எந்த ஊரு சந்தைக்குப் போற?
உன்னப் போடற மவராசன் யாரோ
ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு.

யாருக்கும் பாடிக் காட்டவில்லை. நேராகச் செக்கிங் மேஜைக்குப் போனேன். தை மாதம் வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டிய சரக்கு மலையாகக் குவிந்திருந்தது. நின்ற நிலையில் பாடி முடித்தேன். நடுவில் ஒரு இடத்தில் அவள் கை நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை.

"மூணாவதை மறுக்கா பாக்கோணுமுங்க" என்றாள். "அட்டைய வெச்சுட்டுப் போங்க. இப்பக் கை காரியமா இருக்குது."

வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தேன். மடிக்க ஆரம்பித்தேன். மனம் முழுவதும் ஜன்னல் ஓர மேஜையிலேயே இருந்தது. வலமா இடமா, வலமா இடமா என்று அந்தத் தாளத்திலேயே கை மடித்தது. செக்கிங்கிலிருந்து பனியன் அடுக்குகளைச் சுமந்து வருகிற பெண் வந்தாள், அடுக்கை வைத்தாள், அதன் மேலே கிடந்த அட்டைகளை எடுத்து என் வலக்கைப் பக்கம் இருந்த அட்டைக் குவியலோடு சேர்த்துவிட்டுப் போனாள். அட்டை என்றால் அட்டைக் குவியலில்தானே வைக்க வேண்டும். பழுப்புப் பக்கம் மேலே. நான் குவியலிலிருந்து எடுத்தேன், பனியனில் வைத்தேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன். வலமா இடமா. பெட்டியைச் சாக்கில் தைத்தார்கள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போனது. வலமா இடமா.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடினேன். "அக்கா, எங்க போட்டீங்க?"

"எதைங்க?"

"பாட்டைங்க!"

"நல்லதுலதானுங்க போட்டேன். அடுக்கோட போயிருக்குமுங்க."

ஐந்து வருஷம் காத்திருந்த சொல். அந்த நொடியில் குதித்திருக்க வேண்டும். ஆனால் நல்லதில் போட்டது எங்கே வரும் என்பது மெல்ல மண்டையில் இறங்கியது. என் மேஜைக்குத்தான் வரும். என் பாட்டை நானே மடித்து, நானே டஜனில் சேர்த்து, ரயிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் பறந்தேன். கூட்ஸ் ஷெட்டில் எங்கள் கம்பெனிக் கட்டுகள் மட்டும் முப்பதுக்கு மேல் கிடந்தன. எல்லாம் ஒரே சாக்கு, ஒரே தையல், ஒரே வடிவம். அங்கே இருந்த குமாஸ்தாவிடம் கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"தாராளமாப் பாருங்க" என்றார். "ஆனா கட்டைப் பிரிக்கப்படாதுங்க."

"பிரிக்காம எப்பிடீங்க பாக்கறது?"

"அது உங்க சவுகரியமுங்க."

நான் பாவி, ஒவ்வொரு கட்டாகக் காதை வைத்துக் கேட்டேன். எதற்கு என்று இன்று வரை எனக்கே தெரியாது. பாட்டு உள்ளே இருந்து பாடும் என்று நினைத்தேனோ என்னவோ. குமாஸ்தா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னார். வண்டி வந்தது, கட்டுகள் ஏறின, போயின.

மறுபடி எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மற்ற பாட்டுகளை ஊரையே நிறுத்தி வைத்துப் பாடிப் பாடி மனப்பாடம் ஆகியிருந்தது. இதை ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தியிடம் பாடியிருந்தேன். முதல் சரணம் நினைவிருந்தது. மற்றதை எத்தனையோ விதமாக மாற்றி மாற்றி எழுதியதில் எல்லாம் ஒன்றோடொன்று பிசைந்து கூழாகிவிட்டது. அதைவிட இன்னொரு முள். மறுநாள் அக்காவிடம் தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"பாட்டு நல்லாருந்துதுன்னு நல்லதுல போட்டீங்களா, இல்ல அட்டை நல்லாருந்துதுன்னு போட்டீங்களா?"

அவள் யோசித்தாள். "தெரியலீங்க தம்பி. கையி பாட்டுக்குப் போட்டுருச்சு. அட்டை சுத்தமாத்தானுங்க இருந்துது."

அதன் பிறகு நான் எழுதவில்லை. அட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. மனைவி கயிற்றுக்கு எண்ணெய் போட்டு மிருதுவாக்கினாள். மாமனார் வீட்டில் கன்று போட்ட எருமை ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகத் தகவலும் வந்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜை மேல் ஒரு கடிதம்.

"உக்காருங்க தம்பி" என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார்கள். "பொட்டிக்குள்ள எழுதின அட்டை வெச்சது நீங்களுங்களா?"

"தெரியாம வெச்சுட்டனுங்க."

"அப்ப இதுக்கும் நீங்களே பதில் சொல்லிருங்க."

தெற்கே ஒரு ஊரிலிருந்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதை, சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. வந்த பெட்டி ஒன்றில் பனியன்களுக்குள் பாட்டு எழுதிய அட்டைகள் இருந்தன. ஒன்று, இரண்டு, நாலு என்று எண் போட்டவை கைவசம் உள்ளன. மூன்றாவது அட்டை இருந்த பனியனை அவர்கள் கவனிப்பதற்கு முன்பே யாரோ பஸ் பிடிக்கப் போகிறவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடையில் வேலை செய்கிறவர்கள் அவர்களாகவே ஒரு மெட்டுப் போட்டு முதல் இரண்டையும் பாடிவிட்டு, மூன்றில் தடுக்கி நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். காது புளித்துவிட்டது. வியாபாரம் நடக்க வேண்டுமானால் மூன்றாம் அட்டையை உடனே அனுப்பி வைக்கவும்.

நான் அந்தக் கடிதத்தோடு வீட்டுக்குப் பறந்தேன். "பாரு, தானாக் கேட்டிருக்கறாங்க! தைப்பூசத்துக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது!"

மனைவி நிதானமாகப் படித்தாள். "அவரு டஜன்ல ஒண்ணு கொறையுதுன்னு கேக்கறாருங்க மாமா. பனியன்ல ஒண்ணு கொறஞ்சாலும் இப்பிடித்தானுங்க எழுதுவாரு. இது சரக்கு விசயமுங்க. பாட்டுக் கேட்டதுல சேராதுங்க."

எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான் இருந்தது. அது கிடக்கட்டும், அவர் கேட்ட மூன்றாவது சரணத்துக்கு நான் எங்கே போவேன்? யாரோ ஒரு பிரயாணி என் சரணத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு எங்கேயோ பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான் என்று ராத்திரி முழுவதும் அவனைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

காலையில் முதல் வேலையாகச் செக்கிங் மேஜைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு ஏதாவது ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்குதுங்களாக்கா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பனியனை வெளிச்சத்துக்குப் பிடித்தபடி, சன்னமான குரலில், என் மெட்டிலேயே பாடினாள்.

ஏரு ஓட்டுவானோ மூட்ட தூக்குவானோ
ஏணி மேல நிப்பானோ
முதுகு வேர்வ காஞ்ச பின்னால
உப்புக் கோடு போடுமோ.

முழுச் சரணமும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அப்படியே இல்லை. கடைசி இரண்டு வரி என்னுடையது அல்ல. முதுகு வேர்வை ஆறாகப் பெருகி முழங்கால் வரைக்கும் ஓடுமோ என்று நான் எழுதியிருந்தேன்.

"கடைசி மாறியிருக்குதுங்களே" என்றேன்.

"வேர்வை எங்கீங்க ஆறா ஓடும்? அங்க ஒரு எழை விட்டுப் போயிருந்துது. பனியன்ல வேர்வை காஞ்சா வெள்ளையாக் கோடு கோடா நிக்கும், பாத்ததில்லீங்களா? துவைச்சாலும் சித்தெ லேசாத் தெரியும். ஒரு எழைக்காகச் செகண்ட்ஸ்ல போட மனசு வரலீங்க. நல்லதுல போட்டுட்டு, மனசுக்குள்ளயே தெச்சுக்கிட்டேன். அன்னைக்கிருந்து வேலைல கை போகப் போக அதுவேதான் ஓடிக்கிட்டு இருக்குது."

முதலில் வந்தது ஆத்திரம், பொய் சொல்ல மாட்டேன். என் பாட்டில் இவள் எப்படிக் கை வைக்கலாம்? அடுத்த நொடி, உப்புக் கோடு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருஷம் தினமும் பனியனோடு புரள்கிற நான் அதைப் பார்க்காமல் போய்விட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் அந்தப் பெரிய சந்தோஷம் வந்தது. மூன்று வாரமாக நான் தொலைத்துவிட்டதாக நினைத்த பாட்டு ஜன்னல் ஓரத்தில் ஒருத்தி வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கேயே நின்று ஒரு அட்டையில் எழுதினேன், அவள் வரிகளோடு. இரண்டு வாரம் கழித்து அந்தக் கடைக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நாலில் மூன்றாவதுதான் உருப்படியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை அக்காவிடம் காட்ட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதெல்லாம் பின்னால். அன்று சரணத்தை எழுதி முடித்து நான் அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவள் கூப்பிட்டாள். "ஏனுங்க தம்பி."

"சொல்லுங்கக்கா."

"மூணு வாரமா வேற பாட்டே கொண்டாரலீங்களே. இதையே எத்தன நாளைக்குப் பாடறதுங்க? அடுத்தது எப்பக் கொண்டாருவீங்க?"

கையில் இருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். சரக்கு விஷயம் ஒன்றும் அதில் இல்லை. வேகமாகத் தலையை ஆட்டினேன். பேக்கிங் மேஜைக்கு வந்தேன். மேலே பல்லி சத்தம் கொடுத்தது. உன்னை யாரும் கேட்கவில்லை என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். விடிந்தால் தைப்பூசம், அவள் அப்பா வருவதாக ஏற்பாடு. நடந்ததை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு அட்டையை மடியில் வைத்து, மூலையில் ஒன்று என்று எண் போட்டேன். அவள் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கயிற்றை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போகிற வழியில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க மாமா" என்றாள்.

நான் இன்னும் ஒரு எழுத்தும் எழுதியிருக்கவில்லை.